தனியன் பறவையின் குமிழை நான் ராவிய கதை

அருங்காட்சியகத்தில் எலும்பு ஒட்டுகிற வேலைக்கு நம்மவர்களின் பிள்ளைகளும் வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. டொக்டர், எஞ்சினியர், அதுவும் சரிவராவிட்டால் வங்கி என்றுதான் ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீடுகளில் பேச்சு. இப்போது நீங்கள் மூன்று பேர் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, பட்டறை மேசைக்கு வந்திருக்கிறீர்கள். "உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ அங்கிள், ஜேர்மனிலையே எழுதினா மற்றவைக்கும் குடுக்கலாம்" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். ஜேர்மனில் நான் அந்திராக் என்ற விண்ணப்பப் படிவம் நிரப்புவேன், மன்னிப்புக் கேட்பேன், பகிடியும் விடுவேன். கோபப்பட மட்டும் வராது. எந்தச் சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்ற ஆர்ட்டிக்கிளில் எது என்று தேடி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போய்விடும். இதை ஆறவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

எந்தப் பசை, எந்தக் கரைப்பான், எவ்வளவு ஈரப்பதம் என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் ஒரே ஒரு எலும்பைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என் சுண்டுவிரல் அளவு இருக்கும். அதில் நான் செய்த வேலையால் இன்றைக்கும் எனக்கு என் கை மீது கோபம் வரும்.

யாழ்ப்பாணத்தில் நான் பல் கட்டுகிற இடத்தில் வேலை செய்தவன். டொக்டர் அச்சு எடுத்துக் கொடுப்பார், நான் பிளாஸ்டர் ஊற்றிப் பல் செட் செய்வேன். பல் செட்டில் கடைசி வேலை ராவுவது, அதாவது தேய்த்துத் தேய்த்துக் குறைப்பது. ஆளின் வாயில் வைத்துப் பார்க்கிறோம், எங்கே முட்டுகிறதோ அங்கே கொஞ்சம் ராவுகிறோம், மறுபடி வைக்கிறோம். பொருந்தும் வரை ராவ வேண்டும். முட்டுகிற இடம் என்றால் அது பிழையான இடம். பன்னிரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். அது மூளையில் இல்லை, விரலில் ஏறிப்போன பழக்கம்.

இங்கே வந்து அகதியாகப் பதிந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, ஒரு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் துப்புரவுப் பணியாளன் ஆனேன். நகரத்தின் பெயர் வேண்டாம். வுப்பர்டாலில் இருந்து ரயிலில் போய்வருகிற தூரம். ஒரு நாள் பட்டறையில் ஒரு கரடியின் உடைந்த பல்லைப் பார்த்து, "இதை நான் செய்யலாம்" என்றேன். பட்டறைத் தலைவர் சிரித்துவிட்டு ஒரு கட்டி பிளாஸ்டரைத் தந்தார். மறுநாள் காலையில் நான் வைத்த பல்லையும் கரடியின் சொந்தப் பல்லையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வருடமே என்னை உள்ளே எடுத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அந்த நன்றிதான் பிறகு என் வாயைக் கட்டிப்போட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் இருந்தது. திருத்திய இடம் தெரியக் கூடாது. உடைந்ததை ஒட்டினால் ஒட்டுத் தெரியக் கூடாது, இல்லாததைச் செய்து வைத்தால் செய்தது தெரியக் கூடாது. அதற்கு முந்திய தலைமுறைகளும் அப்படித்தான் வேலை செய்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கபில நிற வார்னிஷ். எலும்பா, மரமா, பிளாஸ்டரா என்று பார்வைக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் திருத்திய இடம் தெரியும்படி செய்யச் சொல்லிப் படிப்பிக்கிறார்கள். ஏன் அப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா? எங்களைப் போன்றவர்கள் செய்துவைத்த நாசத்தால்தான்.

நான் பட்டறைக்கு வந்து இரண்டாம் வருடம் பறவைக் கூடத்தைத் திருத்தித் திறக்க ஏற்பாடு நடந்தது. கூடத்தின் நடுவில் ஒரு எலும்புக்கூடு. இந்துசமுத்திரத்தில் ரொட்ரிகஸ் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. அங்கே மட்டும் வாழ்ந்து அழிந்த பறவை அது. சொலிட்டேர் என்பார்கள். கூட்டமாகத் திரியாத யானையை நாங்கள் தனியன் என்கிற மாதிரி, நான் அதைத் தனியன் என்றே சொல்லிவந்தேன். புறா இனம். ஆனால் வான்கோழியைவிடப் பெரியது, பறக்காது. பக்கத்துத் தீவில் இருந்த டோடோவுக்குச் சொந்தக்காரன். குகைகளில் கிடைத்த எலும்புகளை, பல பறவைகளினுடையதைச் சேர்த்து, யாரோ எப்போதோ கம்பியில் கோத்து நிறுத்தியிருந்தார்கள். நான்கு நாளில் அதைக் கழற்றி, துடைத்து, மறுபடி நிறுத்த வேண்டும். வேலை என்னுடையது.

அதற்குப் பக்கத்தில் வைக்கப் பலகையும் அச்சாகி வந்திருந்தது. பறக்கத் தெரியாத, தன்னைத் தற்காக்கத் தெரியாத, மனிதனைக் கண்டு ஓடவும் தெரியாத பறவை என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டு, பாவம், அசட்டுப் பறவை என்று நானும்தான் சிரித்தேன்.

கழற்றக் கழற்ற ஒவ்வொரு கள்ளமாக வெளியே வந்தது. ஒரு விலா எலும்பு மரம். ஒரு கால்விரல் வான்கோழியினுடையது. கழுத்தில் இரண்டு துண்டு முழுப் பிளாஸ்டர். வலது சிறகின் நுனி எலும்பும் யாரோ மரத்தில் செதுக்கி வைத்ததுதான். வழவழப்பான, வடிவான எலும்பு. இடது சிறகின் நுனி எலும்பு மட்டும் அசல். அதன் ஒரு பக்கத்தில், மணிக்கட்டுக்குக் கிட்ட, ஒரு குமிழ் இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு, கரடுமுரடாக, வார்னிஷ் தடிப்பாகப் படிந்திருந்தது. சிறகை மடித்து விலாவோடு வைத்தால் அந்தக் குமிழ் முட்டியது. வலது சிறகு அழகாக ஒட்டி நின்றது, இடது விலகி நின்றது.

மூன்று நாளாகக் கள்ளம் பிடித்துப் பிடித்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. இதுவும் பழைய ஆள் ஒருவன் உடைவை மறைக்க அப்பிவைத்த பிளாஸ்டர்தான் என்று முடிவு கட்டினேன். பிளாஸ்டரைப் பற்றி எனக்குப் படிப்பிக்க இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. பிளாஸ்டரா எலும்பா என்று பார்க்க வார்னிஷைக் கரைக்கிற ஒரு துளி அசிற்றோன், ஊசியால் ஒரு சின்னக் குத்து, இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. பல் ராவுகிற சின்ன மோட்டாரை எடுத்து ராவத் தொடங்கினேன். மரத்தில் செதுக்கிய போலியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து அசலைத் திருத்தினேன். இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

காலை எட்டு மணி இருக்கும். அருங்காட்சியகம் திறக்க முன்னர் துப்புரவு செய்ய றெஜினா அக்கா வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர். நான் துப்புரவுப் பணியில் இருந்தபோது எனக்கு மொப் பிடிக்கப் பழக்கியவரே அவர்தான். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, என்ன ராவுறீர்? பல்லு ராவிற மணமெல்லே வருது."

"பிளாஸ்டர் அக்கா."

"பிளாஸ்டர் மணக்காது. போன மாதம் எனக்கு ரெண்டு பல்லு ராவினவங்கள். இது அந்த மணம்தான். எலும்பு கருகிற மணம்."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "அக்கா, எனக்கு என்ர வேலை தெரியும். நீங்கள் அங்கால் பக்கத்தைக் கூட்டுங்கோ" என்றேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அதே வாளியைத் தூக்கியவன் நான். பன்னிரண்டு வருடம் டொக்டர் பல் ராவுகிற அறைக்குப் பக்கத்திலேயே கிடந்த என் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போயிருந்தது. அவரின் மூக்கு சரியாகச் சொன்னது. சொன்னவர் துப்புரவு செய்கிறவர் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாளைக்கு உங்கள் பட்டறைக்கு யாரும் வந்து, எலெக்ட்ரீசியனோ, காவலாளியோ, பள்ளிப் பிள்ளையோ, "இதென்ன இப்படி?" என்று கேட்டால் கருவியைக் கீழே வையுங்கள். பதில் பிறகு சொல்லலாம்.

இன்னும் இரண்டு நிமிடம் ராவியிருப்பேன். குமிழின் பாதி போயிருந்தது. ஊதிவிட்டுப் பார்த்தேன். பிளாஸ்டர் வெட்டினால் வெள்ளையாக, ஒரே சீராக இருக்கும். இது பாண் ரொட்டித் துண்டு மாதிரி சிறு சிறு துவாரமாக இருந்தது. உயிருள்ள ஒன்று வளர்த்த எலும்பு. மோட்டாரை நிறுத்தினேன்.

எலும்பை ஒரு துணியில் வைத்துத் தலைவரிடம் கொண்டு போனேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பிளாஸ்டர் என்று நினைத்து ராவினேன், எலும்பு, பாதியில் கண்டேன் என்று அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏதாவது நோயாக இருக்கும். பழைய எலும்பு முறிவு ஆறின இடமாக இருக்கும்" என்றார். "வேறு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது." றெஜினா அக்காவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை திறப்பு. பாதி ராவினபடி விட முடியாது, அசிங்கமாக இருக்கும். மிச்சத்தையும் ராவி மட்டமாக்கு. மேலே பூசி நிறம் கொடு. உன் கையால் செய்தால் ஒருவனாலும் கண்டுபிடிக்க முடியாது."

நான் துணியை எடுக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உன்னுடைய நிரந்தர ஒப்பந்தத்துக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டும். நல்லதாக நாலு வரி எழுத வேண்டும். எனக்குக் கஷ்டம் கொடுக்காதே."

என் விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்தது. மாத முடிவில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், போய் நிற்க வேண்டிய நாள். வேலைக் கடிதம் கொண்டு போக வேண்டும். மனைவி இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம். இதையெல்லாம் நான் சாட்டாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒருவனின் தலைக்குள் என்ன ஓடும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் தலைக்குள்ளும் ஒரு நாள் இப்படி ஏதாவது ஓடும்.

மேசைக்குத் திரும்பி வந்தேன். மிச்சப் பாதியையும் ராவினேன். முதல் பாதியை ராவியபோது எனக்குத் தெரியாது. இரண்டாம் பாதியை ராவியபோது அது எலும்பு என்று நன்றாகத் தெரியும். மணமும் இப்போது எனக்கு வந்தது. மட்டமாக்கி, துவாரங்களை மெல்லிய பிளாஸ்டரால் அடைத்து, வார்னிஷ் பூசி, தூசி தேய்த்துப் பழசாக்கினேன். சிறகு விலாவோடு அழகாக ஒட்டி நின்றது. வெள்ளிக்கிழமை திறந்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்பந்தமும் கிடைத்தது.

மனம் கேட்காமல் நூலகத்துக்குப் போனேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று கிழமை வாசித்தேன். நோயும் இல்லை, முறிவும் இல்லை. அந்தக் குமிழ் தனியனின் ஆயுதம். வளர்ந்த ஆண் பறவைகளுக்குச் சிறகில் அந்த எலும்புக் குமிழ் பெரிதாக வளரும். தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை வந்தால் அதால் அடித்துத் துரத்தும். சிறகைச் சுழற்றிச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்புமாம், தூரத்துக்குக் கேட்குமாம். ஒரு முட்டைதான் இடும். பனையோலைக் குவியலில் கூடு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், கூட்டுக்குக் கிட்ட ஒன்றையும் அண்டவிடாது. பிடித்துக் கட்டி வைத்தால் சத்தம் போடாமல் கண்ணீர் விடுமாம், தின்னாமல் கிடந்து செத்துப்போகுமாம். இதுதானா தன்னைத் தற்காக்கத் தெரியாத பறவை? துவக்கும் தடியும் கப்பலும் கொண்டு வந்தவர்கள் தின்று தீர்த்தார்கள். காட்டைக் கொளுத்தினார்கள். பூனைகளை விட்டார்கள். நூறு வருடத்துக்குள் முடித்துவிட்டார்கள். பிறகு பலகை அடித்து, அதற்குச் சண்டை போடத் தெரியாது என்று பறவை மேல் பழியைப் போட்டார்கள்.

இதையெல்லாம் முந்நூறு வருடத்துக்கு முன்னர் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர், சமயத்தின் பெயரால் துரத்தப்பட்டுத் தன் நாட்டை விட்டு ஓடிய ஒரு மனிதர். அந்தத் தீவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். அவரும் ஒரு அகதிதான். அவர் எழுதியது முழுக்கக் கட்டுக்கதை என்று பின்னாளில் சொன்ன படித்தவர்களும் இருந்தார்கள். குகையில் கிடைத்த எலும்பில் அந்தக் குமிழ் இருந்தது. அதுதான் அவருக்குச் சாட்சி. அகதி விசாரணை மேசையில் நான்கு மணித்தியாலம் இருந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் "ஆதாரம் இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அந்த மனிதரின் ஆதாரத்தை என் கையாலேயே தூசியாக்கியிருந்தேன். நூலகத்தில் இருந்து எழும்பி வெளியே போய், மழைக்குள் நின்று என்னை நானே தூஷணத்தில் பேசினேன்.

அப்போதாவது போய்ச் சொன்னேனா? இல்லை. பதினேழு வருடம் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து பலகையை வாசித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் கூடத்துக்குள் போகாமல் சுற்றுவழியில் பட்டறைக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

பதினேழாம் வருடம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு ஆய்வு மாணவி வந்தாள். வித்யா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. தனியனின் குமிழைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வே. எந்த வயதில் வளர்கிறது, எத்தனை ஆண்களுக்கு இருந்தது என்று ஒவ்வொரு அருங்காட்சியகமாகப் போய் அளந்து வந்தாள். எலும்புக்கூட்டின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொடுக்கிற வேலை எனக்கு. தமிழ் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

முதல் நாளே இடது சிறகை அளந்துவிட்டுத் துள்ளினாள். "அங்கிள், இது செம இன்ட்ரஸ்டிங்! ஃபுல்லா வளர்ந்த பறவையோட எலும்பு, ஆண் சைஸ், ஆனா குமிழே இல்ல. நான் பார்த்ததுல இது ஒண்ணுதான் இப்படி. அப்போ சண்டை போடாத ஆண்களும் இருந்திருக்கு. இதுக்கே தனி சாப்டர் எழுதலாம்."

"ஓம் பிள்ளை" என்றேன். இரண்டாம் நாள் அவள் படம் எடுத்தாள், குறிப்பு எழுதினாள், பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். கோழையாக விளக்குப் பிடித்தேன் என்று எழுதுவதுதான் சரி. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருடம். அன்றைக்குச் சாத்திய கதவைப் பற்றி எனக்கும் தலைவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் இப்போது சேகரிப்புகள் முழுவதற்கும் பொறுப்பாளர் ஆகியிருந்தார்.

மூன்றாம் நாள் அவள் தன் சாமான்களைக் கட்டிவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள், உங்க பேரையும் நன்றியில போடுறேன்" என்றாள். அதுதான் என்னை உடைத்தது. பொய்யான எலும்புக்கு நன்றியாக என் பெயர்.

"பிள்ளை, கொஞ்சம் இரும். அதில குமிழ் இருந்தது. நான்தான் ராவினனான். பிளாஸ்டர் எண்டு நினைச்சிட்டன். பாதியிலதான் எலும்பு எண்டு கண்டனான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடிப் பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னாள். சிறகைத் திருப்பி, விளக்கைச் சரித்துப் பிடித்து, விரலால் தடவினாள். மட்டமாக, வழவழப்பாக இருந்தது.

"பாதியிலேயே தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. அப்போ மிச்சப் பாதி எங்க அங்கிள்?"

பதினேழு வருடத்தில் என்னை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். பிழையாக நினைத்துவிட்டேன் என்ற கதையை நானே எனக்குச் சொல்லிச் சொல்லி, மிச்சப் பாதியை நான் மறந்தேபோயிருந்தேன்.

"அதையும் நான்தான் ராவினனான்" என்றேன். "தெரிஞ்சுகொண்டுதான்."

அவள் என்னை ஆறுதல்படுத்தவில்லை. நல்ல பிள்ளை. "ஏன் முதல் நாளே சொல்லல? ரெண்டு நாளா நான் குதிச்சிட்டிருந்தேன், நீங்க லைட் பிடிச்சிட்டு நின்னீங்க! இத நான் அப்படியே எழுதியிருந்தா? என் பேர்ல பொய் போயிருக்கும்!" என்று கத்தினாள். பிறகு மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள். "எழுதித் தருவீங்களா? வாயால சொன்னது எனக்குப் போதாது."

எழுதினேன். அவளுக்கு ஒரு பிரதி, அருங்காட்சியக இயக்குநருக்கு ஒரு பிரதி. ஆர்ட்டிக்கிள் பிழைகளோடு முக்கால் பக்கம். முதல் பாதியை அறியாமல் ராவினேன், இரண்டாம் பாதியை அறிந்து ராவினேன், அப்படிச் செய்யச் சொன்னது இன்னார் என்று மூன்றையும் எழுதினேன். றெஜினா அக்கா சொன்னதையும் நான் கேட்காததையும் எழுதினேன்.

இரண்டு நாளில் கூப்பிட்டார்கள். இயக்குநரும் என் பழைய தலைவரும் இருந்தார்கள். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு அப்படி ஒரு பேச்சு நினைவில் இல்லை" என்றார். எனக்குக் கரடிப் பல்லுக்குப் பிளாஸ்டர்க் கட்டியைத் தந்த அதே மனிதர். நான் எழும்பி, இவ்வளவு காலமும் அவருக்கு முன்னால் எழுப்பாத சத்தத்தை எழுப்பினேன். பாதி ஜேர்மன், பாதி தமிழ். என்ன சொன்னேன் என்று இயக்குநருக்கு விளங்கியிருக்காது. தலைவருக்கு விளங்கியது, காது சிவந்துபோனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை. கணினிப் பதிவில் இடது சிறகுக்கு நேரே "பழைய சேதம், காரணம் தெரியவில்லை" என்று எழுதினார்கள். காரணம் முக்கால் பக்கக் கடிதமாக அவர்களின் மேசையில் கிடந்தது! மூன்று தரம் அந்திராக் போட்டு, மூன்றாம் தரம்தான் அந்த வரியை எடுத்துவிட்டு என் கடிதத்தைப் பதிவோடு சேர்க்கவைத்தேன்.

றெஜினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அப்போது ஓய்வு பெற்று மகளோடு பேர்லினில் இருந்தார். "அக்கா, அண்டைக்கு நீங்கள் சொன்னது சரி. அது எலும்புதான்."

"எனக்கு அண்டைக்கே தெரியுமே" என்றார். "எலும்பை விடும் தம்பி. அண்டைக்கு நீர் என்னைப் பார்த்த பார்வை இருக்கெல்லே, அதுதான் எனக்கு மறக்க ஏலாமக் கிடக்கு. நான் மொப் பிடிக்கப் பழக்கின பிள்ளை." நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

வித்யா தன் ஆய்வில் இந்த எலும்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும், ஏன் சேர்க்கவில்லை என்றும் எழுதினாள். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பலகையை மாற்றச் சொல்லி நின்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு அசட்டுப் பறவைக் கதை பிடிக்கும் என்று இழுத்தடித்தார்கள். போன வருடம், நான் ஓய்வு பெற்றுப் போன பிறகு, மாற்றியிருக்கிறார்கள். இது தன் சிறகால் போரிட்ட பறவை, சிறகில் எலும்புக் குமிழ் ஒன்று ஆயுதமாக இருந்தது என்று இப்போது பலகை சொல்கிறது. போய்ப் பார்த்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து, இடது சிறகிலும் வலது சிறகிலும் மாறி மாறித் தேடினார்கள். "எங்கே? காணவில்லையே!" என்று ஒரு சிறுமி கேட்டாள். கூட்டிவந்த வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த கிழமை அருங்காட்சியகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். தனியனுக்கு ஒரு குமிழ் செய்து வைக்க வேண்டுமாம். என் கையைப் போல வேறு கை இல்லையாம். அப்படியே அசல் மாதிரி, ஒட்டுத் தெரியாமல் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள்.

எனக்குக் கோபத்தில் கண் இருட்டிவிட்டது. முடியாது என்றேன். குமிழ் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமென்றால் வேறொரு எலும்பின் அச்சை எடுத்து, இது அச்சு என்று எழுதிப் பக்கத்தில் வையுங்கள். இந்த எலும்பை விடுங்கள். எங்கே என்று அந்தச் சிறுமி கேட்டால், இங்கே வேலை செய்த ஒருவன் ராவிவிட்டான் என்று என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

"யோசிக்கிறோம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்கள். அவர்கள் என்ன யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருத்தி போன மாதம் அதே பட்டறையில், அதே மேசையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நல்ல கை என்று கேள்விப்பட்டேன். ஒப்பந்தம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பிள்ளை, அடுத்ததாக உம்மிடம்தான் கேட்பார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். முதலில் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து வையும். பிறகு பதில் சொல்லும்.